பழைய ஓவியப் பலகையை மாற்றத்தான் வேண்டுமா?



மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் முதலில் எழுகின்ற வினா, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதே. வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு இது பழகிப்போன வினா. இனிப் பயன்படாது என்று நாம் கழித்துவிட்டு வந்த அரிவாள்மணை புதிய ஊருக்குப் போன மறுநாளே தேவைப்படுவதும், விலை கொடுத்து வாங்கிய புதுக்கருவி கட்டுப் பிரிக்கப்படாமலே பரணில் கிடப்பதும் நாம் கண்டறிந்தவை. இதையொத்த வினா ஒன்று கணினி உலகிலும் பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. விண்டோஸ் இயங்குதளத்துடன் இலவசமாகச் சேர்ந்து வரும் 'பெயிண்ட்' என்னும் ஓவியச் செயலி பழையதாகிவிட்டது. அதை நீக்கிவிட்டு வேறொன்றை வைக்கலாமா என்பதே அவ்வினா. இன்று அதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

நான் ஓவியனும் அல்லன். கணினிப் பொறியியல் பயின்றவனும் அல்லன். கலைப் பிரிவில் பட்டம் பெற்று, தில்லியில் மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருபவன். ஆயினும் இந்தச் செயலியை வாரத்திற்கு நான்கு முறையேனும் திறவாமல் என் வேலை நடப்பதில்லை. என்னைப் போன்ற சாதாரண மனிதர்களே இச்செயலியின் பெரும்பான்மைக் குடிகள். ஆதலால் இவ்வினாவில் எங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1984-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியை வெளியிட்டபோது, பில் அட்கின்சன் என்பவர் இயற்றிய 'மேக்பெயிண்ட்' என்னும் செயலி அதனுடன் வந்தது. கையில் சுட்டியைப் பிடித்துத் திரையில் கோடு இழுக்கலாம் என்பதே அன்று மக்களுக்குப் பெரும் வியப்பு. அடுத்த ஆண்டு, அதாவது 1985 நவம்பரில், மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸின் முதற்பதிப்பை வெளியிட்டது. அதில் இருந்த ஓவியச் செயலி, இசட்சாஃப்ட் என்னும் நிறுவனத்திடமிருந்து உரிமை பெற்று அமைத்தது. கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறங்கள். 1990-இல் வந்த மூன்றாம் பதிப்பில் வண்ணங்கள் சேர்ந்தன. பெயரும் 'பெயிண்ட்பிரஷ்' என்று மாறிற்று. 1995-ஆம் ஆண்டுப் பதிப்பில் மீண்டும் 'பெயிண்ட்' என்னும் பெயரே நிலைத்தது. மேக்பெயிண்டின் மூல நிரல் 2010-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியே பொதுமக்களுக்குக் கிடைத்தது. உடன் தோன்றிய ஒன்று அருங்காட்சியகம் சென்ற பின்னும், மற்றொன்று இன்றும் அலுவலகத்திற்கு வந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

இனி, இதை மாற்றவேண்டும் என்போரின் கட்சியை நேர்மையாக எடுத்துரைப்போம். அவர்கள் சொல்வதில் உண்மை நிறைய உண்டு.

பெயிண்டில் ஒரு படம் என்பது புள்ளிகளின் கூட்டம். நம் வீட்டுப் பெண்கள் கோலத்திற்குப் புள்ளி வைப்பதுபோல, திரை முழுவதும் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உள்ள சிறு படத்தில் 3,07,200 புள்ளிகள் இருக்கும். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் என்று கணக்கிட்டால், 9,21,600 பைட் இடம் வேண்டும். ஒரு வட்டத்தை வரைந்து முடித்து வேறு வேலைக்குச் சென்றுவிட்டால், அது வட்டம் என்ற நினைவே செயலிக்கு இல்லை. அங்கே சில புள்ளிகள் கறுப்பாக இருக்கின்றன. அவ்வளவே அதற்குத் தெரியும். வட்டத்தைச் சற்று நகர்த்த விரும்பினால், அடியில் இருந்த படத்தையும் சேர்த்துப் பெயர்த்தெடுக்க நேரும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல் வரையும் அடுக்கு முறை மற்றச் செயலிகளில் வந்து நெடுங்காலம் ஆன பின்னும் இதில் இல்லை. 2023-ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தது. கோட்டில் ஒரு புள்ளி இடைவெளி இருந்தாலும் வண்ணம் கொட்டும் கருவி அந்த ஓட்டை வழியே வழிந்து படம் முழுவதையும் நனைத்துவிடும். குழந்தைகள் அழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

என் தொழிலோடு ஒட்டிய குறை ஒன்றும் உண்டு. இச்செயலியில் எழுத்தைத் தட்டச்சு செய்து, வெளியே ஒருமுறை சொடுக்கிவிட்டால், அந்த எழுத்தும் புள்ளிகளாகி விடுகிறது. அதன்பின் அது 'அ' அன்று. 'அ' போலத் தோன்றும் ஓர் ஓவியம். முன்னாளில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. அனுப்புபவர் கணினியில் தமிழாக இருந்தது, பெறுபவர் கணினியில் பொருளற்ற குறிகளாக மாறி நிற்கும். ஆகவே வாழ்த்துச் செய்தியையும் சங்க அழைப்பிதழையும் படமாக்கி அனுப்புவது அன்று தேவையாயிருந்தது. விண்டோஸ் 2000 பதிப்பிலேயே யூனிகோடு முறைத் தமிழும் 'லதா' எழுத்துருவும் வந்துவிட்டன. எனினும் அந்தப் பழக்கம் இன்னும் மாறவில்லை. எனக்கு மொழிபெயர்க்க வரும் தமிழ் அறிவிப்புகளில் சில, இன்றும் படமாகவே வருகின்றன. அவற்றில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒரு வரியைப் பெயர்த்து வைக்க முடியாது. பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் கருவிக்கு அது வெறும் படமே. முழுவதையும் நான் மீண்டும் தட்டச்சு செய்யவேண்டும். ஒருமுறை அவ்வாறு தட்டச்சு செய்கையில் தேதியில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். பிழையைத் தட்டச்சுப் படியைச் சரிபார்த்த அம்மையார் கண்டு திருத்தினார். கண்டிராவிட்டால் விண்ணப்பிக்கும் கடைசி நாளே மாறிப்போயிருக்கும். எழுத்து எழுத்தாகவே இருக்கவேண்டும் என்று நான் சொல்வது அன்று பட்ட அச்சத்தினால்.

ஆக, குறைகள் உண்மையானவை. அவ்வாறாயின் மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். மாற்றிப் பார்த்த வரலாறும் நம் கண்முன்னே இருக்கிறது.

2016 அக்டோபரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'பெயிண்ட் 3டி' என்னும் புதிய செயலியை அறிவித்தது. 2017 வசந்தத்தில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புடன் அது எல்லாக் கணினிகளுக்கும் வந்தது. முப்பரிமாண உருவங்களைத் திரையில் பிசைந்து ஆக்கலாம், சுழற்றிப் பார்க்கலாம். அதே ஆண்டு ஜூலையில் வெளியான ஒரு பட்டியலில், பழைய பெயிண்ட் இனி மேம்படுத்தப்படாது, பிற்காலத்தில் நீக்கப்படலாம் என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு உலகெங்கிலும் எழுந்த வருத்தத்தை நிறுவனமே எதிர்பார்க்கவில்லை போலும். ஓரிரு நாளிலேயே, பெயிண்ட் மறையாது, நிறுவனத்தின் இணையக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் என்று விளக்கம் தந்தனர். 2019-இல், அது விண்டோஸுடனேயே தொடர்ந்து இருக்கும் என்றனர். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது பழைய பெயிண்டுக்கே புத்தாடை உடுத்தினர். புதிதாக வந்த பெயிண்ட் 3டி என்னவாயிற்று? 2024 நவம்பர் 4-ஆம் நாள் அது இணையக் கடையிலிருந்தே நீக்கப்பட்டது. மாற்றாக வந்தது மறைந்தது. மாற்றப்பட இருந்தது நிலைத்தது.

இதற்குக் காரணம் வெறும் பழம்பற்று என்று சிலர் சொல்வர். அஃது ஒரு பகுதியே உண்மை. முப்பரிமாண உருவம் செய்ய விரும்பியவர் சிலர். ஒரு படத்தின் ஓரத்தை வெட்டவும், சிவப்பு மையால் ஒரு வட்டமிட்டுக் காட்டவும் விரும்பியவர் பலர். புதிய கருவி, சிலரின் தேவையை நிறைவேற்ற, பலரின் தேவையைச் சுற்றுவழி ஆக்கிவிட்டது. கருவி மாற்றத்தில் பெரும்பாலும் நேர்கிற பிழை இதுவே.

அந்தப் பலர் யார் என்று நம் நாட்டில் பார்ப்போம். வேலைக்கு இணைய வழியே விண்ணப்பம் செய்யும் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் தேர்வுகளுக்கு, புகைப்படம் 200-க்கு 230 புள்ளி அளவில், 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் இருக்கவேண்டும். கையொப்பம் 140-க்கு 60 புள்ளி அளவில், 10 முதல் 20 கிலோபைட்டுக்குள் இருக்கவேண்டும் என்று அறிவிப்புகளில் விதித்து வந்திருக்கிறார்கள். அவ்வளவுக்குள் படத்தைச் சுருக்கப் பெயிண்டைப் பயன்படுத்தலாம் என்று அந்த அறிவிப்புகளின் பிற்சேர்க்கையிலேயே வழியும் காட்டியிருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கின்படி அப்புகைப்படத்தில் 46,000 புள்ளிகள். அப்படியே வைத்தால் 1,38,000 பைட். ஜேபெக் என்னும் முறையில் சேமிக்கும்போதுதான் அது வரம்புக்குள் அடங்கும்.

எங்கள் அடுக்ககத்தில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. தந்தை ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறார். மகன் பட்டம் பெற்றவன். விண்ணப்பத்தின் கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்கு அவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். "மாமா, கையெழுத்தை ஏத்துக்க மாட்டேங்குது" என்றான். கைப்பேசியில் எடுத்த படம். அளவு மிகப் பெரியது. அன்று எங்கள் பகுதியில் இணைய இணைப்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. புதிதாக ஒரு செயலியைத் தேடி இறக்கும் நிலை இல்லை. பெயிண்டைத் திறந்தோம். கையொப்பத்தைச் சுற்றிய வெற்றிடத்தை வெட்டினோம்; அளவைச் சுருக்கினோம்; ஜேபெக்காகச் சேமித்தோம். பத்து நிமிட வேலை. இணைப்பு வந்த இடைவெளியில் விண்ணப்பம் சென்று சேர்ந்தது. அவன் தேர்வில் வென்றானா என்பது வேறு கதை. தேர்வு எழுதும் வாய்ப்பை ஒரு கையொப்பத்தின் அளவுக்காக இழக்கவில்லை என்பதே நான் சொல்ல வந்தது. கணினியைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில், கட்டணமின்றி, இணையமின்றி ஒரு கருவி இருப்பதன் மதிப்பு அத்தகைய இரவில்தான் விளங்குகிறது.

எளிய கருவி எளிய வேலைக்கு மட்டுமே உதவும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஹால் லாஸ்கோ என்று ஒரு முதியவர் இருந்தார். எழுத்து வடிவமைப்பிலும் வரைகலையிலும் வாழ்நாள் முழுதும் உழைத்து ஓய்வு பெற்றவர். முதுமையில் விழித்திரை நோயினால் பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. தூரிகை பிடித்து வரைவது இயலாமற்போயிற்று. குடும்பத்தார் அவருக்குக் கணினியில் பெயிண்டைக் காட்டியிருந்தனர். படத்தைப் பல மடங்கு பெரிதாக்கி, ஒரு நேரத்தில் ஒரு புள்ளியாக வைத்து அவர் ஓவியங்கள் படைத்தார். அவரைப் பற்றி 2013-ஆம் ஆண்டில் ஒரு குறும்படம் வெளிவந்தது. மறு ஆண்டு, தம் 98-ஆம் வயதில், அவர் மறைந்தார். புள்ளி புள்ளியாக இருப்பது இச்செயலியின் குறை என்று முன்னே சொன்னேன் அல்லவா? அந்தக் குறையே அவருக்குக் கண்ணாயிற்று.

ஆனால் ஒன்றும் மாறவேண்டா என்பது என் முடிவு அன்று. மாற்றத்தில் இருவகை உண்டு. ஒன்று, பழையதை அப்புறப்படுத்திவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைப்பது. மற்றொன்று, பழையதன் பக்கத்தில் புதியதை வைத்து, வேண்டியவர் தாமே எடுத்துக்கொள்ள விடுவது. 2004-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள், பெயிண்டுக்கு மாற்றாக ஒரு செயலியைத் தம் பாடத்திட்ட வேலையாக இயற்றினர். மைக்ரோசாப்ட் நிறுவனமே அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. 'பெயிண்ட் டாட் நெட்' என்னும் அச்செயலி இன்றும் பலரால் விரும்பப்படுகிறது. எனினும் அது இயங்குதளத்தினுள் நுழையவில்லை. தேடி வருவோருக்குக் கிடைக்கிறது. கிம்ப், கிரிட்டா முதலிய கட்டற்ற செயலிகளும் அவ்வாறே. குழந்தைகளுக்கென்று 2002-இல் பில் கெண்ட்ரிக் தொடங்கிய 'டக்ஸ் பெயிண்ட்' முத்திரைகளும் ஓசைகளுமாகச் சிறுவரை ஈர்க்கிறது. இவை யாவும் இலவசமாகக் கிடைப்பவை. மேலும் கற்க விரும்புவோருக்கு வழி அடைபட்டிருக்கவில்லை.

இயங்குதளத்துடன் சேர்ந்து வரும் கருவிக்கு நான் மூன்று தகுதிகளை வைப்பேன். முதலாவது, இணையமும் கணக்குப் பதிவும் இன்றி அது வேலை செய்யவேண்டும். அண்மை ஆண்டுகளில் பெயிண்டில் சேர்ந்துள்ள செயற்கை அறிவுப் பகுதிகளில் சில, பயனர் தம் கணக்கில் நுழைந்தால்தான் இயங்குகின்றன. அவை இருக்கட்டும், ஆனால் ஒரு கோடு இழுப்பதற்கும் கணக்குக் கேட்கும் நாள் வரலாகாது. இரண்டாவது, நேற்றுச் சேமித்த படம் நாளையும் திறக்கவேண்டும். மூன்றாவது, புதிதாகக் கணினி முன் அமரும் ஒருவர், ஆசிரியர் இன்றி, ஒரு பிற்பகலில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இம்மூன்றும் உள்ள புதுச்செயலி ஒன்று வருமானால், பழையதற்கு விடை கொடுக்க நான் தயங்கமாட்டேன். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், பழையதைச் செப்பனிட்டு வைத்திருப்பதே நன்று. அடுக்கு முறையைச் சேர்த்தது போன்ற செப்பனிடுதல் வரவேற்கத் தக்கது. அதைத் தொடாமலும் ஒருவர் வேலையை முடிக்க முடிகிறது.

பள்ளிகளுக்கும் ஒரு சொல். நம் நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் பலவற்றில் தொடக்க வகுப்புக் கணினிப் பாடம் பெயிண்டிலேயே தொடங்குகிறது. தொடங்குவதில் தவறில்லை. சிலேட்டுப் பலகையில் எழுதக் கற்ற குழந்தையைப் பின்னர்த் தாளுக்கு அழைத்துச் செல்கிறோம். ஆனால் ஆண்டுதோறும் அதே கருவிப்பட்டையின் பெயர்களை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் இடுவது கல்வி ஆகாது. பெயிண்டில் புள்ளி என்றால் என்ன என்பதை விளங்கவைத்துவிட்டு, அடுத்த ஆண்டே கட்டற்ற செயலி ஒன்றுக்கு அழைத்துச் செல்லலாம்.

கடைசியாக என் வீட்டுச் செய்தி ஒன்று. நாங்கள் குடியிருப்பது நான்காம் மாடி. வாசல் என்று சொல்லத்தக்கது ஒரு கதவும், பொதுவான நடைவழியும்தான். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு என் மகள் பெயிண்டில் கோலம் போட்டாள். முதலில் புள்ளிகள் வைத்தாள். பாதிக் கோலத்தை மட்டும் வரைந்து, அதைப் படியெடுத்து, இடவலமாகத் திருப்பி ஒட்டினாள். கோடுகள் பொருந்தின, முழுக்கோலம் ஆயிற்று. ஓர் இடத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. மஞ்சள் வண்ணம் வழிந்து திரை முழுதும் பரவியது. பின்வாங்கும் பொத்தானை அழுத்தி, ஓட்டையை அடைத்து, மீண்டும் வண்ணமிட்டாள். ஊரில் இருக்கும் பாட்டிக்கு அந்தப் படம் சென்றது. பாட்டி தொலைபேசியில், "மூணாவது வரிசையிலே ஒரு புள்ளி தப்பா இருக்கு, கண்ணு" என்றாள். எண்ணிப் பார்த்தோம், உண்மைதான்.

கணினி அறியாத பாட்டியும், தமிழ்நாட்டில் வாழ்ந்தறியாத பேத்தியும் ஒரு புள்ளியைப் பற்றிப் பேசிக்கொள்ள அந்தப் பழைய பலகை இடம் தந்தது. அதைவிடச் சிறந்த கருவிகள் உண்டு, இன்னும் வரும். வரட்டும். ஆனால் கணினி நிறுவனங்கள் மூட்டை கட்டும்போது, எதை விட்டுச் செல்வது என்று முடிவு செய்யுமுன், அதை நாள்தோறும் எடுத்துப் புழங்குபவரை ஒரு வார்த்தை கேட்கட்டும். வீடு மாற்றும்போது நாம் சமையலறைப் பொருளைப் பற்றி யாரைக் கேட்கவேண்டுமோ, அவரைக் கேட்பதில்லையா?